ஆர்எக்ஸ்-8, எஃப்டி ஆர்எக்ஸ்-7, ரோட்டரி போட்ட 323: டர்பனில் எதை வாங்கலாம்?

டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் நம்மவர்களிடம் மாஸ்டா ரோட்டரிக்கு, அதாவது பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர் சுழலும் எஞ்சின் உள்ள வண்டிக்கு, என்றும் தனி மரியாதை உண்டு. 1970களின் ஆர்எக்ஸ்-2, ஆர்எக்ஸ்-3 பற்றிய பேச்சைப் பெரியவர்கள் இன்னும் விடவில்லை. அதைக் கேட்டு வளர்ந்த தம்பிமார் இன்று பழைய ரோட்டரி தேடினால் பெரும்பாலும் மூன்றில் ஒன்றில்தான் வந்து நிற்பார்கள்: ஆர்எக்ஸ்-8, கடைசித் தலைமுறை ஆர்எக்ஸ்-7 ஆன எஃப்டி, அல்லது யாரோ மாஸ்டாவின் 13பி ரோட்டரி எஞ்சின் இறக்கிய பின்சக்கர இழுப்பு மாஸ்டா 323. என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஓட்டுவதற்கு வண்டி வேண்டுமென்றால், கம்ப்ரஷன் (எஞ்சின் அறைக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) அளந்த தாளோடு வரும் ஆர்எக்ஸ்-8. மற்ற இரண்டும் கையில் காசும், பொறுமையும், நம்பகமான மெக்கானிக்கும் உள்ளவர்களுக்கு.

அந்தத் தாளை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ரோட்டரியில் இரண்டு ரோட்டர்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று முகங்கள். ஆக ஆறு அளவுகள். ரோட்டரின் மூலைகளில் உள்ள அபெக்ஸ் சீலும் பக்கவாட்டு சீலும் தேய்ந்தால் எஞ்சினைக் கழற்றிப் பிரிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. சாதாரண கம்ப்ரஷன் கேஜ் மூன்று முகங்களில் அதிகமானதை மட்டும் காட்டும். ஒரு முகம் செத்திருந்தாலும் ஊசி நன்றாகத்தான் ஏறும். அதனால் ரோட்டரிக்கென்றே உள்ள டெஸ்டரில் ஆறு எண்களையும் எடுக்க வேண்டும். ஆர்எக்ஸ்-8க்கு மாஸ்டா சொல்லும் அளவு, ஸ்டார்ட்டர் எஞ்சினை நிமிடத்துக்கு 250 சுற்றில் சுழற்றும்போது 830 கிலோபாஸ்கல், குறைந்தபட்சம் 680. ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் வித்தியாசம் 150ஐத் தாண்டக் கூடாது, இரண்டு ரோட்டர்களுக்கு இடையே 100ஐத் தாண்டக் கூடாது. தாளில் சுழல் வேகம் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். வேகமான ஸ்டார்ட்டர் மாட்டினால் தேய்ந்த எஞ்சினும் நல்ல எண் காட்டும்.

நம் ஊரில் இன்னொரு சங்கதியும் உண்டு. டர்பன் கடல் மட்டம். ஜோஹன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் இங்கிருப்பதில் ஏறக்குறைய 83 சதவீதம்தான். ஜோபர்க்கில் 690 காட்டும் எஞ்சின் ஆரோக்கியமானதாக இருக்கலாம். அதே 690ஐ டர்பனில் காட்டினால் அது கடைசிக் காலத்தில் இருக்கிறது. எந்த ஊரில் அளந்தது என்று கேட்காமல் எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் நல்ல வண்டியை விட்டுவிட்டுக் கெட்டதை வாங்கி வருகிறார்கள். அங்கிருந்து என்3 நெடுஞ்சாலை வழியாக வண்டியை இறக்கிக்கொண்டு வந்தால், இங்கே இன்னொரு முறை அளந்து பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

டெஸ்டர் கிடைப்பதற்கு முன்னால் நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. நீங்கள் வரும்வரை எஞ்சினைத் தொடக் கூடாது என்று சொல்லி வையுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யுங்கள், நன்றாகச் சூடாகும்வரை ஓட்டுங்கள். பைன்டவுனிலிருந்து க்ளூஃப் ஏறும் ஃபீல்ட்ஸ் ஹில் இதற்கு அருமையான இடம். மேலே நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துத் திரும்ப ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடிக்க வேண்டும். சூட்டில் இழுத்து இழுத்துப் பிடித்தால் கம்ப்ரஷன் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

சரி, இனி ஒவ்வொன்றாக.

ஆர்எக்ஸ்-8இன் ரெனெசிஸ் எஞ்சினில் டர்போ கிடையாது. 654 சிசி அறைகள் இரண்டு. ஆறு கியர் வண்டிக்கு 170 கிலோவாட். புகை வெளியேறும் துளை பக்கவாட்டில் இருப்பதால் குறைந்த வேகத்தில் அமைதியாக ஓடும், ஆனால் அந்தப் பக்கத்து சீல்களில் கரி படியும். கடைக்குப் போய்வர மட்டும் ஓட்டிய, ஓடோமீட்டரில் குறைந்த கிலோமீட்டர் காட்டும் வண்டியைவிட, நெடுஞ்சாலையில் எஞ்சினை நன்றாகச் சுழலவிட்டு ஓட்டி வளர்த்த வண்டியை நான் அதிகம் நம்புவேன். இக்னிஷன் காயில்கள் இதில் பலவீனமானவை. அவை செத்தால் எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதை அடைத்துவிடும். அடைத்த கன்வெர்ட்டர் எஞ்சினைச் சூடாக்கி சீலைத் தின்னும். காயில் எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது கேளுங்கள். எண்ணெய் விஷயத்தில் இன்னொன்று: இந்த எஞ்சின் சீல்களை நனைப்பதற்காகவே எண்ணெயை எரிக்கும்படி செய்யப்பட்டது. "என் வண்டி எண்ணெயே குடிக்காது" என்று பெருமையாகச் சொல்பவரிடம் மேலும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். சீலுக்கு எண்ணெய் விடும் பம்ப் வேலை செய்யவில்லையோ என்னவோ. க்ளட்ச் பெடல் பிராக்கெட்டில் விரிசல் உண்டா, ஆயில் கூலர் குழாயில் கசிவு உண்டா என்றும் குனிந்து பாருங்கள். 2008இல் மாஸ்டா திருத்திய மாடலில் ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்றாவது எண்ணெய்த் துளை சேர்த்தார்கள். அது கிடைத்தால் கூடுதல் பணம் கொடுக்கலாம், தகும்.

எஃப்டியின் அழகைப் பற்றிப் பேச வேண்டியதில்லை, பார்த்தாலே தெரியும். 1991 கடைசியில் ஜப்பானில் அறிமுகமாகி 2002 வரை வந்தது. இரண்டு டர்போ: முதலாவது கீழே இழுக்கும், சுமார் 4,500 சுற்றில் இரண்டாவது சேரும். இதை இயக்குவது எஞ்சின் மேல் பின்னிக் கிடக்கும் வேக்கம் ஹோஸ்கள். சூட்டில் அவை கல்லாகி உடையும். ஓட்டிப் பார்க்கும்போது 4,500ஐ ஒட்டி இழுப்பு விழுந்து எழாமலே போனால் அங்கேதான் குறை. கூலன்ட் சீல் போனால் ரேடியேட்டரில் குமிழி, காலையில் வெள்ளைப் புகை. கூலன்டிலிருந்து காற்றைப் பிரிக்கும் பிளாஸ்டிக் ஏர் செபரேட்டர் டாங்க் விரிசல் விடும்; அதை மாற்றாமல் அப்படியே விட்டிருந்தால் பழைய உரிமையாளர் வண்டியைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று தெரிந்துவிடும். ஒற்றை டர்போவாக மாற்றியிருந்தால் யார் ட்யூன் செய்தது, எந்த பெட்ரோலுக்கு என்று கேளுங்கள். கடற்கரையில் 95 ஆக்டேன் பெட்ரோலுக்கு ட்யூன் செய்த வண்டியை மேட்டு நாட்டில் கிடைக்கும் 93 போட்டு அழுத்தினால் அபெக்ஸ் சீல் உடையலாம்.

323 பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நம் பையன்களுக்கு அந்தச் சத்தம் பிடிக்கும், விலையும் தோதாக இருக்கும். ஆனால் வண்டியின் தரம், எஞ்சின் இறக்கியவரின் தரம்தான். பிரேக்கும் பின் ஆக்ஸிலும் அந்த சக்திக்கு மாற்றியிருக்கிறார்களா, பதிவுத் தாளில் உள்ள எஞ்சின் எண் மாட்டியிருக்கும் எஞ்சினோடு ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். எஞ்சின் மாற்றினால் போலீஸ் கிளியரன்ஸ் எடுத்துப் பதிவைத் திருத்த வேண்டும், பலர் செய்வதில்லை.

காகிதத்தில்தான் எஃப்டி ஆளை மாட்டிவிடும். பயன்படுத்திய வண்டியை அனுமதி இல்லாமல் இந்த நாட்டுக்குள் இறக்குமதி செய்ய முடியாது. டர்பன் துறைமுகத்தில் இறங்கும் ஜப்பானியப் பழைய வண்டிகள் வடக்கே உள்ள நாடுகளுக்குப் போகிற வழியில் இருப்பவை. அவற்றை இங்கே பதிய முடியாது. 40 வயது தாண்டிய பழம்பெரும் வண்டிகளுக்கு அனுமதி கேட்கலாம். 1978இல் வந்த முதல் தலைமுறை ஆர்எக்ஸ்-7 அந்த வயதை எட்டிவிட்டது, எஃப்டி இன்னும் இல்லை. ஆகவே இறக்குமதி அனுமதியும் பதிவுத் தாளும் காட்டாத எஃப்டியை, விலை எவ்வளவு இனித்தாலும், பார்க்காமலே திரும்பி வாருங்கள். மூன்றுக்குமே பதிவுத் தாளில் கோட் 2 (சாதாரணமாகப் பயன்படுத்திய வண்டி) இருக்கிறதா என்று பாருங்கள்; கோட் 3 என்றால் அது ஒருமுறை அடிபட்டோ திருடுபோயோ திரும்பக் கட்டிய வண்டி. டைட்டில் ஹோல்டர் இடத்தில் வங்கியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்த கடிதம் கைக்கு வரும்வரை ஒரு ராண்டும் நகரக் கூடாது.

"இப்போதுதான் எஞ்சின் ரீபில்ட் செய்தோம், அண்ணா" என்ற பேச்சுக்கு மட்டும் மயங்காதீர்கள். எந்த ஹவுசிங் (ரோட்டர் சுழலும் கூடு) புதியது, எந்த சீல் போட்டார்கள், யார் செய்தார்கள் என்று ரசீதில் இருக்க வேண்டும். ரசீது இல்லையென்றால் அந்த வண்டியைச் செத்த எஞ்சின் வண்டி என்றே கணக்கிட்டு, ரீபில்ட் செலவைக் கழித்து விலை பேசுங்கள். நல்ல பாடி உள்ள ஆர்எக்ஸ்-8 ஒன்றை அந்தக் கணக்கில் வாங்கி, எஞ்சினை உங்கள் கண் முன்னாலேயே பிரித்துக் கட்டுவது எஃப்டிக்குக் கொடுக்கும் விலையைவிடப் பெரும்பாலும் குறைவாகவே முடியும்.