பெடல் இறங்கியது, அவர்கள் பூஸ்டரை மாற்றினார்கள்

கொழும்பில் பழைய லொறி வைத்துக்கொண்டு பிரேக் வேலைக்குக் கராஜ் தேடுபவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள். எனக்கு 68,000 ரூபா போனது. கராஜின் பெயரை விடுங்கள், செய்த வேலையைச் சொல்கிறேன்.

என்னுடையது 1993ஆம் ஆண்டு இசுசு எல்ஃப். நுவரெலியாவிலிருந்து பேலியகொடைச் சந்தைக்கு மரக்கறி ஏற்றுகிறேன். போன மாதம் ஒரு விடியற்காலை, ஆமர் வீதிச் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நிற்கிறேன். மிதித்துப் பிடித்திருந்த பெடல் காலுக்குக் கீழே மெல்ல மெல்ல இறங்குகிறது. நான் அழுத்தவே இல்லை, அதுபாட்டுக்கு இறங்குகிறது. லொறி முன்னால் நின்ற ஓட்டோவை நோக்கி அங்குலம் அங்குலமாக ஊர்ந்தது. காலை எடுத்து மறுபடி மிதித்தேன், பிடித்தது. இறங்கிப் பார்த்தால் பிரேக் ஒயில் குறையவில்லை, சில்லுகளின் உட்பக்கத்திலும் ஈரமில்லை.

கராஜில் பாஸ் இரண்டு தரம் மிதித்துப் பார்த்தார். "பூஸ்டர் போயிட்டுது அண்ணே. ரீகண்டிஷன் ஒண்டு இருக்கு, போட்டுத் தாறன்" என்றார். பூஸ்டர் என்றால் நாம் மிதிக்கிற பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் சாமான். எனக்குக் கடுகண்ணாவ இறக்கம்தான் கண்ணுக்குள் வந்தது. சரி என்றேன். பிரேக் விஷயத்தில் பேரம் பேச யாருக்குத் துணிவு வரும்? அந்தப் பயத்தில்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

மாலையில் போனால் பெடல் உயரத்தில், கல்லுப் போல நிற்கிறது. சந்தோஷமாகக் காசைக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் பேலியகொடையில் மூட்டை இறக்கும் பொடியன், "என்னவோ கருகுது அண்ணே" என்றான். பின் சில்லு டிரம்மில் போத்தல் தண்ணீரைத் தெளித்தேன். தோசைக்கல்லில் விழுந்த மாதிரிச் சீறியது.

கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த ஒரு வயதான நானாவிடம் கொண்டுபோனேன். நாலு சில்லிலும் பிரேக்கை அளவுக்கு மீறி இறுக்கியிருப்பதாகச் சொன்னார். டிரம்மில் உரசி நிறுத்தும் லைனருக்கும் டிரம்முக்கும் இடைவெளி இல்லாவிட்டால் பெடல் தொட்டதும் பிடிக்கும், உள்ளே இருக்கும் கோளாறு சில நாளைக்கு மறைந்துவிடும். அவர் தளர்த்தியதும் பழைய வருத்தம் அப்படியே திரும்பி வந்தது. பாஸ் தெரியாமல் பூஸ்டரை மாற்றினார் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் சில்லை ஏன் அப்படி இறுக்க வேண்டும்?

"தம்பி, பூஸ்டர் பழுதானா பெடல் கல்லாகும், உழக்கேலாது. மெத்தென்று இறங்காது" என்றார் நானா. ஸ்பானரை எடுக்காமலேயே பார்த்துக் காட்டினார். எஞ்சினை நிறுத்தி ஐந்தாறு தரம் மிதித்து, காலை வைத்தபடியே ஸ்டார்ட் பண்ணினால் பெடல் கொஞ்சம் தாழ்ந்து நிற்க வேண்டும். தாழ்ந்தால் பூஸ்டர் வேலை செய்கிறது. அடுத்தடுத்து மிதிக்க மிதிக்கப் பெடல் உயர்ந்தால் லைனர் இடைவெளி கூடியிருக்கும், அல்லது குழாயில் காற்று இருக்கும். காற்று என்றால் காலுக்குப் பஞ்சு போலத் தெரியும். ஒரே அழுத்தத்தில் பிடித்திருக்கும்போது மெதுவாக இறங்கி, வெளியே எங்கும் ஒழுகாவிட்டால், மிதிக்கும்போது ஒயிலைச் சில்லுகளுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைத்தான் கழற்றிப் பார்க்க வேண்டும்.

கழற்றினார். உள்ளே இருந்த ரப்பர் கப்பின் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்து, கடித்த நகம் மாதிரி இருந்தது. ஒயில் வெளியே போகவில்லை, அந்த விளிம்பைத் தாண்டி உள்ளுக்குள்ளேயே பின்னால் போயிருக்கிறது. சிலிண்டரின் உட்சுவரில் கீறல் இல்லாததால் ரப்பர் கிட் போதும் என்றார். கீறியிருந்தால் கிட் போட்டும் பிரயோசனமில்லை, சிலிண்டரையே மாற்ற வேண்டும். பழைய ஒயில் பிளேன்டீ நிறத்தில் இருந்தது. அது ஈரத்தை இழுக்குமாம். டாட் 3 என்ற வகைப் பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் ஏறினால் அந்தக் கணக்கு 140க்கு வந்துவிடுகிறது. இவ்வளவு நாளும் அதை வைத்துக்கொண்டுதான் பாரத்தோடு மலை இறங்கியிருக்கிறேன். பஞ்சிகாவத்தையில் கிட் வாங்கி, ஒயில் மாற்றி, காற்றெடுத்து, கூலியோடு 9,500 ரூபா. பெடல் இப்போது இறங்குவதில்லை.

திரும்பப் போய்ப் பழைய பூஸ்டரைக் கேட்டேன். "இரும்புக்குப் போட்டாச்சு அண்ணே." என் கையில் இருந்தது 'பிரேக் வேலை 68,000' என்று எழுதிய துண்டு மட்டும்தான். கழற்றும்போதே பழைய சாமானை லொறியில் போடச் சொல்லியிருக்க வேண்டும், என்ன மாற்றினார்கள் என்று பில்லில் எழுதவும் சொல்லியிருக்க வேண்டும். நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுக்கலாம்தான், ஆனால் இந்தத் துண்டை வைத்து எதைக் காட்டுவது? நல்ல பூஸ்டர் அது. பெயின்ட் அடித்து ரீகண்டிஷன் என்று வேறு யாருக்காவது பூட்டியிருப்பார்கள்.