ஐம்பது வயசுத் தோளும் கோயோக் நாற்றமும்: சின்சேயிடம் ஒன்பது மாதம்

பழைய அலுவலகத் தோழி போன வாரம் கேட்டிருந்தாள். "அக்கா, தோள் பிடிச்சிக்கிட்டு சின்சேகிட்ட போனீங்களே, சரியாச்சா? எனக்கும் ஆரம்பிச்சிருக்கு. போகலாமா?" சின்சே என்றால் இங்கே சிங்கப்பூரில் சீன வைத்தியர். ஒரு சொல்லில் பதில் போட்டுவிடலாம் என்றுதான் கைப்பேசியை எடுத்தேன். நாலு தடவை எழுதி நாலு தடவையும் அழித்தேன். அதனால் இங்கே கொட்டுகிறேன். அவளும் படித்துக்கொள்ளட்டும்.

ஃப்ரோசன் ஷோல்டர் என்றால் என்னவென்று விளக்கப்போவதில்லை. வந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. எனக்கு வலது தோள். முதுகுப் பக்கம் கை போகாது, கொண்டை போட முடியாது. எம்ஆர்டி ரயிலில் மேல் கைப்பிடி எட்டாமல், ஈசூனில் ஏறினால் ராஃபிள்ஸ் பிளேஸ் வரைக்கும் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டே போவேன். ராத்திரி அந்தப் பக்கம் புரண்டால் உயிர் போய்விட்டு வரும். பலதுறை மருந்தகத்தில், அதாவது பாலிகிளினிக்கில், எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பில் ஒன்றுமில்லை. சர்க்கரை பார்த்தார்கள், எல்லைக்கோட்டில் நின்றது. "தானா விட்டுடும், ஒரு வருஷத்துலேர்ந்து மூணு வருஷம் ஆகலாம்" என்றார் டாக்டர், பேருந்து வரும் நேரத்தைச் சொல்வதுபோல. மூன்று வருஷத்துக்கு ரவிக்கைக் கொக்கி மாட்ட ஆள் வைத்துக்கொள்ளவா முடியும்? பிசியோவுக்கும் அனுப்பினார்கள். அங்கே கொடுத்த பயிற்சித் தாள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியபடியே இருந்தது. ஒட்டியதோடு சரி.

ஐந்தாவது மாதம் எங்கள் பிளாக்குக்கு இரண்டு பிளாக் தள்ளி, முடிதிருத்தும் கடைக்கும் ரொட்டிக் கடைக்கும் நடுவே இருக்கும் சின்சேயிடம் போனேன். சுவரில் பதிவுச் சான்றிதழ் மாட்டியிருந்தது. 2000-ல் சட்டம் வந்த பிறகு சிங்கப்பூரில் சின்சேக்கள் பதிவு செய்துகொண்டுதான் வைத்தியம் பார்க்க வேண்டும், அதனால் முதலில் அதைத்தான் பார்த்தேன். சின்சேக்கு அறுபது வயதிருக்கும், சீனாவிலிருந்து வந்தவர், மாண்டரின் மட்டும்தான். கல்லாவில் இருக்கும் பெண்தான் மொழிபெயர்ப்பாள். கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வயது கேட்டார். ஐம்பத்தொன்று என்றேன். "ஊ ஷி ஜியென்" என்று தலையாட்டினார். என்னவென்று கேட்டால், நோயின் பெயரே 'ஐம்பது வயசுத் தோள்' என்கிறாள் அந்தப் பெண். காசு கொடுத்து வயதைச் சொல்லிக் காட்டவைத்த மாதிரி இருந்தது.

அடுத்து, தோளில் காற்று புகுந்துவிட்டது, மின்விசிறிக்கு நேராகப் படுக்கிறாயா, ஐஸ் போட்ட மைலோ குடிக்கிறாயா என்று விசாரணை. வீட்டில் அம்மாவும் இதையேதான் ஐந்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "வாயு பிடிச்சிருக்குடி, ஃபேனை நிறுத்திட்டுப் படு." அம்மாவுக்கு மாண்டரின் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. எப்படித்தான் பேசி வைத்துக்கொண்டார்களோ! "தொங் ஜ பு தொங், தொங் ஜ பு தொங்" என்று ஒரு வாய்பாடும் சொன்னார். ஓட்டம் இருந்தால் வலி இல்லை, வலி இருந்தால் ஓட்டம் இல்லை என்று அர்த்தமாம். என் காதுக்கு இரண்டு பாதியும் ஒன்றுபோலத்தான் கேட்டது.

இப்போது அக்குபங்சர் ஊசி. இதைப் பற்றி எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதுவேன். ஒவ்வொரு தடவையும் புதுப் பொட்டலம் பிரிப்பார். முடியைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். குத்துவதே தெரியாது. குத்திவிட்டு லேசாகத் திருகுவார், அப்போதுதான் ஒன்று வரும். வலி என்றும் சொல்ல முடியாது, மரமரப்பு என்றும் சொல்ல முடியாது. "ஸ்வான்?" என்பார். அந்தப் பெண், "புளிக்குதா?" என்று ஆங்கிலத்தில் கேட்பாள். முதல் நாள் நான் நாக்கைத் தடவிப் பார்த்தேன்! சீனத்தில் புளிப்புக்கும் இந்த மாதிரிக் குடைச்சலுக்கும் ஒரே சொல்லாம். யோசித்தால் சரியான சொல்தான். பச்சைப் புளியங்காயைக் கடித்தால் பல் கூசுமே, அந்தக் கூச்சம் தோளுக்குள் வந்தால் எப்படி இருக்கும், அப்படி. அது வந்தால்தான் அவருக்குத் திருப்தி, வரும்வரை திருகுவார்.

மூன்றாவது முறை போனபோது தோளைத் தொடவே இல்லை. காலைக் காட்டச் சொன்னார். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் சரிபாதியில், முன்னெலும்புக்கு வெளிப்பக்கமாக ஒரு நீள ஊசி. 'தியாவ்கோவ்' என்று அந்த இடத்துக்குப் பெயர். சுவரில் புள்ளி புள்ளியாக நரம்போட்டம் வரைந்த மொட்டை ஆள் படம் ஒன்று தொங்கும். அதன் எதிரே நிற்க வைத்து, கையைத் தூக்கு என்றார். அந்த மொட்டையனின் மோவாய் வரைக்கும்தான் விரல் போகும், அதற்கு மேல் தோள் பூட்டிக்கொள்ளும். அவர் குனிந்து காலில் ஊசியைத் திருக, நான் கையை ஆட்ட, அவர் திருக, நான் ஆட்ட. மூன்று நிமிஷம் ஆகியிருக்காது, விரல் மொட்டையனின் காதைத் தொட்டது. சத்தியமாகக் காது. நான் 'ஐயோ' என்று சத்தம் போட்டதில் பக்கத்துத் திரைக்குப் பின்னால் படுத்திருந்த தாத்தா என்னமோ ஆகிவிட்டது என்று எட்டிப் பார்த்தார். தோள் பூட்டுக்குச் சாவி முழங்காலுக்குக் கீழே இருக்கிறது என்று யார் நினைப்பார்கள்? மறுநாள் காலையில் பாதி திரும்பிப் பூட்டிக்கொண்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த மூன்று நிமிஷத்தை என் கண்ணால் பார்த்தேன்.

மற்றவை சும்மா வரும் போகும். ஊசியோடு படுத்திருக்கும்போது காட்டும் சூட்டு விளக்குக்கு 'மாய விளக்கு' என்று பெயர். சுகமாக இருக்கும், தூங்கிவிடுவேன். கண்ணாடிக் கிண்ணத்துக்குள் தீயைக் காட்டிவிட்டு முதுகில் கவிழ்ப்பது வலிக்காது. ஆனால் அந்த வாரம் கல்யாண வீடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்து இறங்கிய ரவிக்கையில் நாவல்பழ நிறத்தில் ஐந்து வட்டத்தோடு பந்தியில் உட்கார்ந்தேன். "2016 ரியோ ஒலிம்பிக்ஸ்ல மைக்கேல் பெல்ப்ஸுக்கு இருந்துச்சே, அதானே?" என்று தங்கை மகன் மானத்தைக் காப்பாற்றினான்.

இனி கோயோக்.

நம் ஊர்ப் பற்று மாதிரிதான், துணியில் தடவி ஒட்டுவது. நல்லெண்ணெயில் மூலிகையைக் கருக்கி, ஈயச் செந்தூரம் சேர்த்துக் காய்ச்சி இறக்குவது பழைய முறை. இப்போது கடையில் கிடைப்பது கற்பூரமும் பச்சை எண்ணெயும் ஏறிய பசைத்துணி. இதை ஒருநாளும் நான் கேட்டதில்லை. ஊசி முடிந்து சட்டையை இழுத்துவிடுவதற்குள் 'பட்' என்று ஒன்றை அறைந்துவிடுவார். ரசீதில் தனி வரியாக வரும். போதாததற்கு வீட்டுக்கு ஒரு பொட்டலம், பன்னிரண்டு வெள்ளி (டாலர்). மறுநாள் காலைவரை எடுக்கக்கூடாதாம். அந்த வாசனையோடு மின்தூக்கியில் ஏறினால் உள்ளே இருப்பவர்கள் மாடி எண்ணையே பார்த்துக்கொண்டு மூச்சை அடக்குவார்கள். அலுவலகத்தில் ஏர்கான் அதை எல்லா மேசைக்கும் சமமாகப் பங்கிட்டது. பக்கத்து இருக்கைச் சீனப் பிள்ளை, பாவம், நல்ல மனதோடுதான், "எங்க ஆ மா வாசனை" என்றாள். ஐம்பது வயசுத் தோள் போய் இப்போது பாட்டி.

பிய்த்தால் அடியில் பழுப்புப் பசை நாலு ஓரமும் சட்டம் கட்டின மாதிரி நிற்கும், ரவிக்கை நூலும் நைட்டிப் பஞ்சும் அதில் ஒட்டி. சோப்புக்குப் போகாது. தேங்காயெண்ணெய் தடவிப் பழைய துணியால் தேய்க்க வேண்டும், அதுவும் இடது கையால். ஆறாவது வாரம் அந்தச் சதுரம் முழுக்கச் செக்கச்செவேலென்று தடித்து அரிப்பு. சின்சேயிடம் காட்டினேன். "நல்லது, விஷம் வெளியே வருது" என்றார். தோல் ஒத்துக்கொள்ளாமல் வெந்துபோயிருக்கிறது, விஷமாம்! அன்றைக்கும் ஒட்ட வந்தார், தடிப்புக்கு ஒரு அங்குலம் தள்ளி. இங்கே மலாய்க்காரர்கள் வாய்ச்சவடால் அடிப்பவனைக் கோயோக் விற்கிறான் என்பார்கள். சும்மாவா சொன்னார்கள்?

நியாயமாகப் பேச வேண்டும் என்று பார்க்கிறேன். ஒன்பது மாதத்தில் பதினெட்டு தடவை, தடவைக்கு அறுபது வெள்ளி, மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவில் எடுக்க முடியவில்லை. அவர் கொடுக்கும் விடுப்புச் சீட்டு என் அலுவலகத்தில் செல்லாது, அதனால் அத்தனையும் சனிக்கிழமை. இன்றைக்குக் கை முழுசாக மேலே போகிறது, பின்னால் கொக்கி வரைக்கும் போகிறது. ஊசி செய்ததா? டாக்டர் சொன்ன கணக்குப்படி தானாக விடுகிற காலமும் அதுதான். இன்னொன்று, பிசியோ தாளில் இருந்த சுவரில் விரலால் ஏறும் பயிற்சியையே சின்சேயும் சொன்னார். தாள் சொன்னபோது செய்யாதவள், போகிற ஒவ்வொரு சனிக்கிழமையும் மொட்டையன் முன்னால் நிறுத்தி அளப்பார் என்ற பயத்தில் தினமும் செய்தேன். இதில் எதற்கு எத்தனை மதிப்பெண் போடுவது?

அதனால் என் பதில்: போகாதே. அன்றைக்குக் காதைத் தொட்டபோது கேட்டிருந்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பேன். நேற்று அலமாரியைத் திறந்தபோது, ஐந்து தடவை துவைத்த மயில்கழுத்து நிற ரவிக்கையிலிருந்து அதே நாற்றம் அடித்தது. போகாதே.

சொன்னால் கேட்கப்போவதில்லை என்றும் தெரியும். முதலில் பலதுறை மருந்தகத்தில் சர்க்கரையைப் பார்த்துக்கொள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறாய் என்றால் ஊசிக்கு முன்னால் சொல்லிவிடு. தோளின் உச்சியில் ஆழமாகக் குத்த வந்தால் வேண்டாம் என்று சொல், கீழே நுரையீரல் இருக்கிறது. காலில் போடுகிற ஊசியை நீயே கேட்டு வாங்கு. பத்துத் தடவைக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள், மூன்று தடவை போய்ப் பார்க்காமல் கட்டாதே. கோயோக்குக்கு 'பு யாவ்', வேண்டாம், என்று முதல் நாளே சொல்லிவிடு, உரக்க. அப்புறம் முன்பக்கக் கொக்கி வைத்த ரவிக்கையோ பொத்தான் சட்டையோ போட்டுக்கொண்டு போ. நான் முதல் நாள் தலைவழியாகப் போடும் குர்த்தாவோடு போய், கழற்ற முடியாமல் கல்லாப் பெண்ணைக் கூப்பிட வேண்டியதாயிற்று.