ஒருவரைக் கட்டிவைக்க வழியில்லை, இன்னொருவரை விட்டுவிட்டார்கள்: டென்வர் நகெட்ஸின் இரண்டு கோடைகள்

2023 ஜூன் 12. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏயின் இறுதிப்போட்டியில் ஐந்தாவது ஆட்டம் முடிய ஒன்றரை நிமிஷம் இருக்கிறது. மயாமி 89, டென்வர் 88. தவறிப்போன ஷாட் ஒன்றைக் கூட்டத்துக்குள் புகுந்து பிடித்த புரூஸ் பிரவுன், கையோடு வளையத்தில் போட்டார். கடைசி அரை நிமிஷத்தில் மயாமியின் ஜிம்மி பட்லர் கொடுத்த பாஸை நடுவில் பாய்ந்து பறித்தார் கென்டேவியஸ் கால்ட்வெல்-போப். அதனால் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோக்களையும் தவறவிடவில்லை. 94-89. நகெட்ஸுக்கு முதல் கோப்பை.

அந்த ஒன்றரை நிமிஷத்தைத் தாங்கிப் பிடித்த இருவருமே அடுத்த பதின்மூன்று மாதத்தில் அணியில் இல்லை. புரூஸ் 2023 கோடையில் போனார், கேசிபி (இனி இவரை இப்படியே சொல்வோம்) 2024 கோடையில் போனார். இரண்டையும் ஒரே கணக்கில் எழுதி, "முதலாளி கஞ்சன்" என்று முடித்துவிடுவது ரசிகர்களுக்குச் சுலபம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு சங்கதி.

| | புரூஸ், 2023 | கேசிபி, 2024 |
|---|---|---|
| வயது | 26 | 31 |
| உதறிய ஆப்ஷன் (பழைய ஒப்பந்தத்திலேயே இன்னொரு ஆண்டு இருக்கும் விருப்பம்) | 6.8 மில்லியன் டாலர் | 15.4 மில்லியன் டாலர் |
| டென்வருக்கு இருந்த உரிமை | நான்-பேர்ட் | முழு பேர்ட் |
| டென்வர் தரக்கூடிய உச்சம் | சுமார் 7.8 மில்லியன் | மேக்ஸ் (ஒரு வீரருக்கு லீக் அனுமதிக்கும் உச்சச் சம்பளம்) வரை எவ்வளவும் |
| வெளியே கிடைத்தது | இந்தியானா, 2 ஆண்டுக்கு 45 மில்லியன் | ஆர்லாண்டோ, 3 ஆண்டுக்கு 66 மில்லியன் |

இந்த அட்டவணையில் முக்கியமானது மூன்றாவது வரி. என்பிஏ சம்பள வரம்பு கல்லில் அடித்த கோடு இல்லை. சொந்த வீரரை வைத்துக்கொள்ள அதைத் தாண்டிப் போகலாம். எவ்வளவு தாண்டலாம் என்பது அந்த வீரர் ஃப்ரீ ஏஜென்ட்டாக (ஒப்பந்தம் முடிந்து தானே அணி தேடுபவராக) அணி மாறாமல் எத்தனை சீசன் ஆடியிருக்கிறார் என்பதைப் பொறுத்தது. மூன்று சீசன் என்றால் முழு பேர்ட், மேக்ஸ் வரை தரலாம். இரண்டு என்றால் எர்லி பேர்ட், பழைய சம்பளத்தில் 175 சதவீதம் அல்லது லீக் சராசரிக்குச் சற்று மேல், இரண்டில் எது அதிகமோ அது. ஒன்றுதான் என்றால் நான்-பேர்ட், பழைய சம்பளத்தில் 120 சதவீதம். டிரேடில் (அணிகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் பேரத்தில்) அணி மாறினால் இந்தக் கடிகாரம் நிற்காது, வீரருடனேயே போகும். லேக்கர்ஸிலிருந்து வாஷிங்டனுக்கும் அங்கிருந்து 2022-ல் டென்வருக்கும் டிரேடிலேயே வந்த கேசிபிக்கு முழு உரிமை இருந்தது அதனால்தான்.

புரூஸ் வந்த வழி வேறு. 2022 கோடையில் டாக்ஸ்பேயர் மிட்-லெவலில் (சம்பள வரம்பைத் தாண்டி வரி கட்டும் அணிகள் வெளி ஆளை எடுக்க இருக்கும் சிறிய சலுகையில்) சுமார் 6.5 மில்லியனுக்குக் கையெழுத்திட்டார், இரண்டாவது ஆண்டு அவர் விருப்பம். ஒரே சீசனில் ஆட்டத்துக்கு 11.5 புள்ளி எடுத்து, மயாமியில் நடந்த நான்காவது ஆட்டத்தில் 21 புள்ளி குவித்து, தன் விலையை மூன்று மடங்காக்கிக்கொண்டார். டென்வரால் எழுத முடிந்த மிகப்பெரிய காசோலை 7.8 மில்லியன். இந்தியானா முதல் ஆண்டுக்கே 22 மில்லியனை மேசையில் வைத்தது.

"மிட்-லெவல் முழுசாகக் கொடுத்திருக்கலாமே" என்பார்கள். அந்த ஆண்டு முழு மிட்-லெவல் 12.4 மில்லியன். அதைத் தொட்டால் அணியின் மொத்தச் சம்பளம் ஃபர்ஸ்ட் ஏப்ரனில் (வரிக் கோட்டுக்கு மேலே இருக்கும் முதல் எல்லையில்), அதாவது 172.3 மில்லியனில், பூட்டப்படும். யோகிச், மர்ரி, போர்ட்டர், கார்டன், கேசிபி என்ற தொடக்க ஐவர் சம்பளமே சுமார் 152 மில்லியன். அதோடு 12.4 சேர்த்தால் ஆறு பேருக்கு 164. மிச்சம் எட்டு மில்லியனில் குறைந்தது எட்டு பேரைப் பிடிக்க வேண்டும். நாஜி, வாட்சன் போன்ற ரூக்கி (புது வீரர்) ஒப்பந்தக்காரர்கள் ஐந்து பேரே சேர்ந்து 14 மில்லியன் ஆகிறார்கள், ஆகவே அது நடக்காது. நடந்திருந்தாலும் 12.4-க்கும் 22-க்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை யார் மூடுவது? புரூஸ் இன்னொரு வருஷம் 6.8-க்கே ஆடிவிட்டு எர்லி பேர்டுக்குக் காத்திருந்தாலும் உச்சம் 12, 13 மில்லியன்தான் வந்திருக்கும். இதில் யாரையும் குறை சொல்ல இடமில்லை.

அவருக்குப் பதில் வந்ததைத்தான் குறை சொல்லலாம். டாக்ஸ்பேயர் மிட்-லெவல் 5 மில்லியன் ரெஜி ஜாக்சனுக்குப் போனது, இரண்டாவது ஆண்டு 5.25 மில்லியன் அவர் விருப்பத்தில். புரூஸ் மூன்று நிலைகளில் காவல் காப்பார், பந்தில்லாமல் வெட்டி ஓடுவார், தேவைப்பட்டால் பந்தையும் கொண்டுபோவார். ஜாக்சன் பந்து கையில் இருந்தால் மட்டுமே ஆடும் பாயின்ட் கார்ட், வயதும் 33. 2024 மே 19 அன்று மினசோட்டாவுக்கு எதிரான பிளேஆஃப் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், சொந்த மைதானத்தில், 20 புள்ளி முன்னணியைத் தொலைத்து 98-90 என்று தோற்றார்கள். அந்த 90-ல் மர்ரி 35, யோகிச் 34. மீதி அணி முழுக்கச் சேர்ந்து 21.

2024: இங்கே தேர்வு இருந்தது

கேசிபி விஷயத்தில் கையைக் கட்டியது விதி இல்லை, எண்கள். பெரிய நால்வர் சம்பளம் 2024-25-க்கு, மில்லியன் டாலரில், இப்படி நின்றது: யோகிச் 51.4, மர்ரி 36.0, போர்ட்டர் 35.9, கார்டன் 22.8. மொத்தம் 146. சம்பள வரம்பே 140.6. அதைத் தாண்டினால் அணி வரி கட்ட வேண்டிய வரிக் கோடு 170.8, எல்லாவற்றுக்கும் மேலான எல்லையான செகண்ட் ஏப்ரன் 188.9.

செகண்ட் ஏப்ரனைத் தாண்டினால் வரியோடு போகாது. மிட்-லெவல் எதுவும் கிடையாது. டிரேடில் இரண்டு பேர் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய வீரரை வாங்க முடியாது. டிரேடில் பணமும் அனுப்ப முடியாது. ஏழு ஆண்டு தள்ளியிருக்கும் முதல் சுற்று பிக் (டிராஃப்டில் புது வீரரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு) உறைந்துவிடும். காசுள்ள முதலாளிகளும் இந்தக் கோட்டைக் கண்டு பின்வாங்குவது இதற்காகத்தான்.

இனி மூன்று வழிகளையும் எடைபோடலாம்.

முதல் வழி, கேசிபியை 22 மில்லியன் சராசரியில் வைத்துக்கொள்வது. நால்வர் 146, ஸீக் நாஜி 8.9, கிறிஸ்டியன் பிரவுன், வாட்சன், ஸ்ட்ராதர், புதிதாக வந்த ஹோம்ஸ் நால்வரும் சேர்ந்து சுமார் 11. (உச்சரிப்பில் கிறிஸ்டியனும் பிரவுன்தான். குழப்பம் வேண்டாமென்று முதல் பெயராலேயே அழைப்போம்.) ஒன்பது பேருக்கு 166 ஆயிற்று. பேர்ட் உரிமையில் ஆண்டுக்கு 8 சதவீதம் ஏற்றலாம் என்பதால், 66 மில்லியனை ஏறுமுகமாக எழுதினால் கேசிபிக்கு முதல் ஆண்டு 20.4 போதும். இப்போது 186.5. பதினான்கு பேராக்க இன்னும் நால்வர், ஆளுக்கு சுமார் 2 மில்லியன் மினிமம் (லீக்கின் குறைந்தபட்சச் சம்பளம்). 194.5-ல் வந்து நிற்கிறது. செகண்ட் ஏப்ரனுக்கு மேலே ஐந்தரை மில்லியன். வரி சுமார் 58 மில்லியன்.

இதே கணக்கில் நாஜியின் ஒப்பந்தத்தை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு மினிமம் ஆளைப் போட்டுப் பாருங்கள். 187.6. கோட்டுக்கு உள்ளே! வரி சுமார் 34 மில்லியன். சம்பளத்தில் 7 மில்லியன் வித்தியாசம், வரியில் 24 மில்லியன் வித்தியாசம். வரிக் கோட்டுக்கு மேலே ஏறக்குறைய ஒவ்வொரு ஐந்து மில்லியனுக்கும் விகிதம் 1.5, 1.75, 2.5, 3.25, 3.75 என்று படியேறுவதால் கடைசியில் வைக்கும் செங்கல்தான் மிகக் கனமானது.

நாஜிக்கு நான்கு ஆண்டு, 32 மில்லியன் நீட்டிப்பு 2023 அக்டோபரில் எழுதப்பட்டது. கேசிபி தன் ஆப்ஷனை உதறுவார் என்பது அப்போதே கணிக்கக்கூடிய சங்கதி. 40 சதவீத த்ரீ (தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளி ஷாட்) அடித்து எதிரணியின் முதன்மை கார்டையும் காக்கிற ஆள் 15.4 மில்லியனுக்கு ஏன் இருக்கப்போகிறார்? நடுத்தரச் சம்பள ஒப்பந்தம் ஒன்று கையில் இருந்தால் டிரேடில் உதவும் என்ற வாதம் காகிதத்தில் நன்றாக இருக்கும். ஆட்ட நேரம் கிடைக்காத வீரரின் நான்கு ஆண்டு ஒப்பந்தத்தை வாங்க எதிரே ஆள் வேண்டுமே. ஜாக்சனின் 5.25 மில்லியனைத் தள்ளிவிடவே மூன்று இரண்டாம் சுற்று பிக்குகளைச் சேர்த்து சார்லட்டுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது வழி, உண்மையில் நடந்தது: கேசிபியை விட்டுவிட்டு கிறிஸ்டியனைத் தொடக்க ஐவரில் ஏற்றுவது. டாக்ஸ்பேயர் மிட்-லெவல் 5.2 மில்லியன் டாரியோ ஷாரிச்சுக்கு, மினிமத்தில் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக். மிட்-லெவலைத் தொட்டதால் செகண்ட் ஏப்ரனே அந்த சீசனுக்கு அணியின் கூரையாகிவிட்டது.

இதில் கிறிஸ்டியன் விஷயம் ஜெயித்தது. 2022 டிராஃப்டில் 21-ஆவது பிக், மூன்று மில்லியன் சம்பளம், ஆட்டத்துக்கு 15.4 புள்ளி, த்ரீயில் 39.7 சதவீதம். வேகத்தாக்குதலில் யோகிச் வீசும் நீளப் பாஸுக்கு இவரைப்போல் ஓடுகிறவர் கேசிபி இல்லை. வெஸ்ட்புரூக் கொடுத்த காசுக்கு மேலேயே ஆடினார். ஷாரிச் சொற்ப ஆட்டங்களோடு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

இழந்தது காவலில். எதிரணி பிக்-அண்ட்-ரோல் ஆடும்போது (சக வீரர் ஒருவர் ஸ்கிரீனாக, அதாவது தடுப்பாக நின்று பந்துக்காரருக்கு வழி செய்வது) டென்வர் யோகிச்சை ஸ்கிரீன் வரைக்கும் மேலே கொண்டுவரும். அவர் முன்னால் நின்று பந்துக்காரரை ஒரு நொடி தடுப்பார். அந்த நொடிக்குள் கார்ட் ஸ்கிரீனுக்கு மேல்பக்கமாகத் தோளை நுழைத்து மறுபடி தன் ஆளைப் பிடித்தாக வேண்டும். தாமதமானால் யோகிச் வெளியே மாட்டிக்கொள்வார், பின்னால் நால்வருக்கு மூன்று பேர். கேசிபி அந்த நுழைவில் வல்லவர். இடுப்பைக் குறுக்கி, முன்காலை ஸ்கிரீன் போடுகிறவரின் காலுக்கு அந்தப் பக்கம் முதலிலேயே வைத்துவிடுவார். கிறிஸ்டியனுக்கு உடம்பும் உழைப்பும் உண்டு, அந்தக் காலடி இன்னும் வரவில்லை. ஸ்கிரீனில் மோதி நின்றுவிடுகிறார். 2024-25-ல் டென்வர் காவல் லீக்கின் கீழ்ப்பாதிக்கு இறங்கியதற்கு இது ஒன்றே காரணமில்லை, முதல் காரணம் என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் கேசிபிக்குக் கொடுத்திருக்க வேண்டிய பணத்தையும் பார்க்க வேண்டும். ஆர்லாண்டோவில் அவர் த்ரீ 34.2 சதவீதமாக விழுந்தது, ஆட்டத்துக்கு 8.7 புள்ளி. யோகிச்சின் பாஸ் இல்லாமல் போனது பாதி, வயது பாதி. ஒரே வருஷத்தில், 2025 ஜூனில், டெஸ்மண்ட் பேன் டிரேடில் அவரை மெம்பிஸுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த 66 மில்லியன் டென்வர் தலையில் இருந்திருந்தால் 2025 கோடையில் எதையுமே அசைத்திருக்க முடியாது. ஆகவே கேசிபியை அந்த விலைக்கு விட்டது சரி. அதற்கு எட்டு மாதம் முன்னால் நாஜிக்கு எழுதியதும், அவர் போன இடத்துக்கு வந்த 5.2 மில்லியனை ஷாரிச்சுக்குச் செலவழித்ததும் தவறு. கைக்கு வந்த ஒரே மிட்-லெவலை, யோகிச் ஆடும் அதே இடத்துக்கு, மெதுவான ஒரு பெரிய ஆளுக்குக் கொடுத்தார்கள். ஓட்டை இருந்தது விங்கில், பக்கவாட்டு இடத்தில்.

மூன்றாவது வழி, போர்ட்டரை நகர்த்துவது. 2024-ல் செய்யவில்லை. 50 வெற்றி எடுத்தும், ரெகுலர் சீசன் முடிய ஒரு வாரம் கூட இல்லாதபோது பயிற்சியாளர் மைக்கேல் மலோன், ஜெனரல் மேனேஜர் கேல்வின் பூத் இருவரையும் ஒரே நாளில் நீக்கி, ஓக்லஹோமாவிடம் ஏழாவது ஆட்டத்தில் 125-93 என்று நொறுங்கிய பிறகு, 2025 கோடையில் செய்தார்கள். போர்ட்டரும் பாதுகாப்பு நிபந்தனை எதுவும் இல்லாத 2032 முதல் சுற்று பிக்கும் புரூக்ளினுக்கு, கேம் ஜான்சன் டென்வருக்கு. 38 மில்லியன் போய் 21 வந்தது.

அந்த 17 மில்லியனில் என்ன கிடைத்தது என்று பாருங்கள். ஷாரிச்சைக் கொடுத்து, அவரைவிட ஐந்து மில்லியன் கூடுதல் சம்பளக்காரரான வாலன்சியூனஸைச் சாக்ரமென்டோவிலிருந்து எடுக்க இடம் வந்தது. யோகிச் உட்காரும் நேரத்துக்கு உண்மையான சென்டர் ஒருவர், பல வருஷத்தில் முதல்முறையாக. டிம் ஹார்டவே ஜூனியர் மினிமத்தில். இதே டிரேடை ஒரு வருஷம் முன்னால் செய்திருந்தால் கேசிபியையும் வைத்துக்கொண்டிருக்கலாமா? எண்கள் இடம் கொடுத்திருக்கும். ஆனால் போர்ட்டர் உயரத்தில், அவர்போல் ரீபவுண்ட் எடுக்கும் ஷூட்டர் ஜான்சன் இல்லை. காவலில் கால் சரியாக வைப்பார், பாஸ் நன்றாகத் தருவார், அவ்வளவு. 2032 பிக்கின் விலை, யோகிச் ஓய்வு பெற்ற பிறகுதான் தெரியும்.

மினிமத்தில் வந்த இன்னொருவர் புரூஸ். 45 மில்லியனையும் சம்பாதித்துவிட்டு, இந்தியானா, டொரான்டோ, நியூ ஆர்லியன்ஸ் என்று சுற்றி, 2025 ஜூலையில் டென்வருக்கே திரும்பினார். அணிக் கணக்கில் அவர் சுமை சுமார் 2.3 மில்லியன். ஒப்பந்தம் ஒரே ஆண்டுக்கு. ஆக 2026 கோடையில் டென்வருக்கு அவர்மேல் இருப்பது மறுபடியும் அதே நான்-பேர்ட் உரிமை.