பேட்டரி ஆலையில் லித்தியத்தை எதை வைத்து அளப்பது: லேசரா, எக்ஸ்ரேயா, அமிலமா?

பேட்டரியின் நேர்முனையான கேத்தோடைச் செய்யும் தூளில் லித்தியம் சரியாக இருக்கிறதா என்று கேட்டால், எக்ஸ்ரே பாய்ச்சித் திரும்பி வரும் எக்ஸ்ரேயை வைத்துத் தனிமங்களை அளக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவி கையை விரித்துவிடும். நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் மூன்றையும் பொருளைச் சேதப்படுத்தாமல் சில நிமிடங்களுக்குள் சொல்லிவிடும் அதே கருவிதான். லித்தியத்துக்கு இருப்பது மூன்றே எலக்ட்ரான். அதிலிருந்து வரும் எக்ஸ்ரேயின் ஆற்றல் வெறும் 54 எலக்ட்ரான் வோல்ட் அளவு, உணரியை எட்டுவதற்குள் காற்றே அதை விழுங்கிவிடும்.

சரி, ஐசிபி? தூளை அமிலத்தில் கரைத்து ஆர்கான் பிளாஸ்மாவில் (மின்னேற்றம் பெற்ற கடும் சூடான வாயுவில்) தெளித்து அளக்கும் முறை. கவனமாகச் செய்தால் பிழை 1 சதவீதத்துக்குள் நிற்கும், இதன் எண்ணைத்தான் நானும் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்வேன். ஆனால் எடைபோட்டு, கரைத்து, நீர்க்கச் செய்து, அளந்து முடிக்க மணிக்கணக்காகும். தூளை உலோகத் தாளில் பூசியபடி நிமிடத்துக்கு 60 மீட்டர் ஓடும் பூச்சு இயந்திரம் ஒரு மணி நேரத்தில் 3.6 கிலோமீட்டர் எலக்ட்ரோடைத் தள்ளிவிடும், தப்பு இருந்தால் அத்தனையும் தப்புதான்.

இந்த இடைவெளியில்தான் லேசரால் அளக்கும் லிப்ஸ் முறை வருகிறது. சில நானோநொடி நீளமுள்ள லேசர் துடிப்பு ஒன்று பொருளின் மேல் பட்டு, அங்கே ஒரு துளியை ஆவியாக்கி, பத்தாயிரம் கெல்வின் அளவு சூடான பிளாஸ்மாவாக மாற்றுகிறது. அது ஆறும்போது ஒவ்வொரு தனிமமும் தன் அலைநீளத்தில் ஒளிவிடும். லித்தியம் 670.8 நானோமீட்டரில் நல்ல சிவப்பாகத் தெரியும். கரைக்க வேண்டாம், வெற்றிடமும் வேண்டாம்.

ஆனால் அந்தப் பிரகாசத்திலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் 8:1:1 விகிதத்தில் உள்ள என்எம்சி 811 தூளில் எடையில் 7 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே லித்தியம்தான், அவ்வளவு அடர்த்தியில் பிளாஸ்மாவின் வெளிப்புறம் தன் ஒளியைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது, லித்தியத்தின் அளவு கூடினாலும் நிறமாலையில் அந்தக் கோட்டின் பிரகாசம் அதற்கேற்ப ஏறுவதில்லை. அதனால் இந்தச் சிக்கல் குறைவான 610.4 நானோமீட்டர் கோட்டைப் பார்ப்பதே நல்லது. அப்புறம், ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் அளவீடு சில சதவீதம் ஆடும். நூற்றுக்கணக்கான துடிப்புகளின் சராசரி எடுத்தால் அந்த ஆட்டம் அடங்கும், தூளின் துகள் அளவோ அடர்த்தியோ மாறியதால் வரும் சாய்வு அடங்காது. அதைத் திருத்த, ஐசிபியில் அளந்த அதே வகைத் தூள்தான் அளவுகோலாக வேண்டும். ஆக லிப்ஸ் வாங்கியதும் ஐசிபியை ஓரங்கட்டிவிடலாம் என்ற நினைப்பு சரிவராது.

பலர் லிப்ஸிடம் எதிர்பார்க்கும் இன்னொரு வேலை, தவறி விழுந்த இரும்புத் துகளைப் பிடிப்பது. பயம் நியாயமானது: கேத்தோடில் சிக்கிய இரும்பு கரைந்து நகர்ந்து, எதிர்முனையான ஆனோடில் படிந்து வளர்ந்து செல்லுக்குள்ளேயே குறுக்குச் சுற்று உண்டாக்கலாம். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 1 மீட்டர் ஓடும் எலக்ட்ரோடுத் தாளில் நொடிக்கு 100 துடிப்பு என்றால் 10 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி, புள்ளியின் விட்டம் 0.1 மில்லிமீட்டர். தாளின் அகலம் 600 மில்லிமீட்டர் என்றால் லேசர் தொடுவது பரப்பில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். ஒற்றைத் துகள் அதில் மாட்டுவது அதிர்ஷ்டம், அதை நம்பித் தரக்கட்டுப்பாடு நடத்த முடியாது. காந்தப் பிரிப்பானும் கேமராவும் அந்த வேலையைச் செய்யட்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் எனும் எல்எஃப்பி கேத்தோடு என்றால் நிலைமை இன்னும் மோசம், பொருளே இரும்புச் சேர்மம் என்பதால் அந்நிய இரும்பு நிறமாலையில் தனியாகத் தெரியவே தெரியாது.

லேசரால் பெயர்த்தெடுத்ததை நேரே ஐசிபி நிறை நிறமாலைமானிக்கு (அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து அளக்கும் கருவிக்கு) அனுப்பும் முறையும் உண்டு. நூறு கோடியில் சில பங்கு வரை எட்டும், ஆனால் ஆய்வகத்தில் மூடிய அறைக்குள் நடப்பது. பழுதான செல்லைப் பிரித்துப் பார்க்க மிக நல்லது, ஓடும் வரிசைக்குச் சரிப்படாது.

என் தேர்வைக் கேட்டால், உலோக விகிதத்துக்கு எக்ஸ்ஆர்எஃப், லித்தியத்தின் அளவு மெல்ல விலகுகிறதா என்று பார்க்க லிப்ஸ், இரண்டையும் நேர்ப்படுத்த ஐசிபி. லிப்ஸையும் ஓடும் தாளின் மேல் வைக்க மாட்டேன், ஒவ்வொரு துடிப்பும் ஒரு சிறு குழி, அதிலிருந்து தெறிக்கும் தூசு பூச்சின் மேலேயே விழும். வரிசைக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, பூச்சுக்கு முன்பே ஒவ்வொரு தொகுதித் தூளிலிருந்தும் கொஞ்சம் எடுத்து வில்லையாக அழுத்தி, அதன் மேல் லேசரைப் பாய்ச்சுவேன். நொடிக்கு 10 துடிப்பு என்றாலும் 300 துடிப்புக்கு அரை நிமிடம்தான்.