சிரட்டைக் கோப்பையில் பதித்த கரண்டி முத்திரை

லண்டனில் பழைய வெள்ளிச் சாமான் வாங்குகிறவர்கள், குறிப்பாக வெள்ளிப் பூண் கட்டிய சிரட்டைக் கோப்பை மீது ஆசை உள்ளவர்கள், பணத்தை நீட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். போன மாதம் ஒரு பழம்பொருள் சந்தையில் 640 பவுண்டு கொடுத்து ஏமாந்தேன்.

தேங்காய் ஐரோப்பாவுக்கு அரிதாகவே வந்துகொண்டிருந்த காலத்தில், அதன் சிரட்டையை வழவழப்பாக இழைத்து, விளிம்புக்கு வெள்ளிப் பூணும் அடியில் தண்டும் பாதமும் வைத்து, பக்கங்களில் வெள்ளிப் பட்டைகளால் இறுக்கிக் கோப்பையாக்கினார்கள். பானத்தில் நஞ்சு கலந்திருந்தால் சிரட்டை காட்டிக்கொடுத்துவிடும் என்ற நம்பிக்கையும் இருந்தது. ஆக்ஸ்ஃபர்டின் நியூ காலேஜில் சுமார் ஐந்நூறு ஆண்டுப் பழமையான இத்தகைய கோப்பைகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பத்தர் பட்டறையில் வளர்ந்தவன் நான். நம் வீடுகளில் அகப்பையான சிரட்டைக்கு ஒரு தட்டானின் கை இத்தனை அழகு சேர்த்திருப்பதைக் கண்ட நாள் முதல், அப்படி ஒன்றை வாங்கிவிட வேண்டும் என்று ஏங்கினேன்.

விற்றவர் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கையில் தந்து, பூணில் இருந்த நான்கு முத்திரைகளைக் காட்டினார்: நடக்கும் சிங்கம், முடி சூடிய சிறுத்தைத் தலை, ஆண்டைக் குறிக்கும் எழுத்து, செய்தவரின் பெயர் முதலெழுத்துகள். '1770களில் செய்தது' என்றார். சிங்கம் 1544இலிருந்து தரமான வெள்ளிக்குக் குத்தப்படுவது. சிறுத்தைத் தலை லண்டனுக்கு உரியது, 1821 வரை முடியோடு இருந்தது. முத்திரைப் புத்தகத்தோடு ஒப்பிட்டேன். எல்லாம் சரியாக இருந்தன. உண்மையில் அவை அசல் முத்திரைகள்தாம். அங்கேதான் விழுந்தேன்.

வீட்டில் துடைக்கும்போது பூணின் மேல் வாயால் ஆவி ஊதினேன். பற்றுவைத்த இடம் தெரிய வேண்டுமானால் அப்பா அப்படித்தான் செய்வார். முத்திரைகளைச் சுற்றி மெல்லிய நீள்சதுரக் கோடு ஒன்று எழுந்து, ஆவியோடு மறைந்தது. பூண் என்பது ஒரு தகட்டை வளைத்து இரண்டு முனையையும் பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பது; ஆகவே குறுக்கே ஒரு பற்று இருக்கத்தான் செய்யும். நான்கு பக்கமும் பற்று ஓடுகிறது என்றால், வேறொரு பொருளிலிருந்து முத்திரையை வெட்டி எடுத்துப் பதித்திருக்கிறார்கள் என்று பொருள்.

மறுநாள் காட்டிய வெள்ளி வேலைக்காரர், பதித்த துண்டு ஒரு கரண்டிக் காம்பு என்று பார்த்ததுமே சொன்னார். சுமார் 1780 வரை கரண்டிகளில் முத்திரையைக் காம்பின் ஒடுங்கிய அடிப்பகுதியில் குத்தினார்கள். குத்திய பிறகு காம்பைத் திரும்பவும் தட்டிச் சீராக்கும்போது முத்திரைகள் பக்கவாட்டில் நசுங்கிவிடும். அகன்ற பூணில் அப்படி நசுங்கக் காரணமே இல்லை. என் கோப்பையின் சிங்கம் ஒட்டிய வயிற்றோடு நிற்கிறது. அதைக் கண்ணால் பார்த்தும் தேய்மானம் என்று நினைத்துக்கொண்டேன். பாதம் வெறும் மின்முலாம், அதாவது மலிவான உலோகத்தின் மேல் மின்சாரத்தால் ஏற்றிய வெள்ளிப் பூச்சு. அந்தத் தொழிலுக்கு எல்கிங்டன் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபர் காப்புரிமை பெற்றதே 1840இல்தான். ஒரு பழைய கரண்டி சில பத்து பவுண்டுக்குக் கிடைக்கும். அதைச் சிதைத்து இதைச் செய்திருக்கிறார்கள். நல்ல கைவேலை ஒன்று அழிந்ததுதான் பணத்தைவிட எனக்கு வலிக்கிறது.

திருப்பித் தரப் போனபோது விற்றவர் ரசீதைக் காட்டினார். 'வெள்ளிப் பூணிட்ட கோப்பை, பார்த்தபடி விற்கப்பட்டது' என்று மட்டுமே இருந்தது, ஆண்டு இல்லை. பொருள் சொன்ன விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்று 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆனால் வாயால் சொன்னதை நான் எப்படி நிரூபிப்பேன்? ஆண்டையும் எந்தெந்தப் பகுதி வெள்ளி என்பதையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் வாங்க வேண்டாம். ஆவி ஊதிப் பார்ப்பதைக் கடையிலேயே, அவர் கண் முன்னாலேயே செய்யுங்கள்.

முத்திரையை இடம் மாற்றுவது இங்கே குற்றம். லண்டனில் வெள்ளியைச் சோதித்து முத்திரை குத்தும் இடமான கோல்ட்ஸ்மித்ஸ் ஹாலில் சந்தேகத்துக்குரிய பழைய வெள்ளியை ஆராயும் குழு ஒன்று இருக்கிறது. கோப்பையை அங்கே ஒப்படைக்கப் போகிறேன். முத்திரைகளை அழித்துத் தந்தாலும் சரி, திருப்பியே தராவிட்டாலும் சரி, இது இன்னொருவர் கைக்கு 1770 என்ற பெயரில் போகக் கூடாது.