ஆல் பாஸும் வியோஜனக் குறிப்பும்: எல்லைக்கு இரு பக்கமும் நகர்மன்றம் நடக்கும் விதம்

கேரள எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஆட்களுக்குக் கேரளம், தமிழ்நாடு என்று இரண்டு அரசாங்கத்தோடும் கொடுக்கல் வாங்கல் இருக்கும். எனக்கும் அப்படித்தான். குடியிருப்பது பாலக்காடு மாவட்டத்து நகரசபை ஒன்றில். அப்பா வாங்கிப்போட்ட இரண்டு கடைகள் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி, தமிழ்நாட்டு நகராட்சி ஒன்றில். இரண்டு இடத்திலும் வரி கட்டுகிறேன். இரண்டு மன்றக் கூட்டங்களையும் பின்வரிசை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம், நாளைக்கும் நான் அங்கே போய் நிற்க வேண்டும்.

இரண்டுக்கும் பாட்டி ஒருத்திதான். 1956 நவம்பர் 1 வரை பாலக்காடும் பொள்ளாச்சியும் ஒரே சென்னை ராஜ்ஜியம். இரண்டையும் ஆண்டது 1920-ஆம் வருடத்து மாவட்ட நகராட்சிகள் சட்டம். பிரிந்த பிறகு கேரளம் 1960-ல் தனக்கென்று ஒரு சட்டம் போட்டது, 1994-ல் அதையும் மாற்றிப் புதிதாக எழுதியது. தமிழ்நாட்டில் 1998-ல் புதுச் சட்டம் நிறைவேறியும் கிடப்பில் கிடந்தது. விதிகளோடு சேர்ந்து அது நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்ரலில்தான். அதனால் சாயல் இன்னும் ஒன்றுதான். மாதம் ஒரு கூட்டமாவது நடக்க வேண்டும், கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள் (கோரம்) இல்லாவிட்டால் ஒத்திவைப்பு, மூன்று மாதம் தொடர்ந்து வராத கவுன்சிலருக்குப் பதவி போகும், வாக்கு சமமானால் தலைவருக்கு இன்னொரு வாக்கு. இதிலெல்லாம் ஒப்பிட ஒன்றுமில்லை.

வித்தியாசம் ஆரம்பிப்பது கூட்டத்துக்கு முன்னால். மேஜைக்கு வரும் காகிதம் எங்கிருந்து வருகிறது என்பதில்.

தமிழ்நாட்டு நகராட்சியில் அது அலுவலகத்திலிருந்து வருகிறது. பிரிவு எழுத்தர் குறிப்பு எழுதுவார், ஆணையாளர் கையெழுத்திடுவார், சேர்மன் பார்ப்பார், அச்சாகிக் கவுன்சிலர் வீட்டுக்குப் போகும். நான் பார்த்த ஒரு கூட்டத்தில் அறுபதுக்கும் மேல் பொருள்கள், அதாவது மன்றத்தின் முடிவுக்கு வரும் விஷயங்கள். பாதிக்கு மேல் 'மன்றத்தின் பார்வைக்கும் பதிவுக்கும்' அல்லது பின்னேற்பு. அதாவது மோட்டார் ரிப்பேர் பார்த்தாயிற்று, பைப் வாங்கியாயிற்று, சேர்மன் முன்அனுமதி கொடுத்துவிட்டார், இப்போது மன்றம் தலையாட்டினால் போதும். ஒருவர் எண்ணை மட்டும் வாசித்துக்கொண்டே போனார். இருபது நிமிடத்தில் முடிந்தது. வெளியே வந்த கவுன்சிலர் ஒருவரிடம், எங்கள் கடைத்தெருச் சாக்கடை என்ன ஆச்சு என்று கேட்டேன். "ஏனுங்க, அது முப்பத்திநாலாவது பொருளுங்க, ஆல் பாஸ் ஆயிருச்சுங்க" என்றார். அதில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்கும் தெரியவில்லை. ஆனால், உள்ளதைச் சொல்ல வேண்டும், அடுத்த மாதமே சாக்கடை வேலை ஆரம்பித்துவிட்டார்கள்.

நியமனக் குழு, ஒப்பந்தக் குழு, வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு என்று தமிழ்நாட்டு நகராட்சியிலும் குழுக்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு சிலர். மற்ற கவுன்சிலர்களுக்கு மாதம் ஒரு நாள்தான் மன்றம், அந்த ஒரு நாளும் மைக் பிடித்தால்தான் தன் வார்டைப் பற்றிப் பேச முடியும். வெளிநடப்பும் கூச்சலும் அதிகம் என்று அவர்களைக் குறை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பேச வேறு இடம் இல்லாதவன் இங்கேதானே பேசுவான்?

கேரளத்தில் காகிதம் ஸ்டாண்டிங் கமிட்டி வழியாக வருகிறது. நகரசபையில் நிதி, வளர்ச்சி, நலன், சுகாதாரம், பொதுப்பணி, கல்வி என்று ஆறு கமிட்டிகள், மாநகராட்சியில் எட்டு. தலைவரைத் தவிர எந்தக் கவுன்சிலரும் ஏதாவது ஒரு கமிட்டியில் இருந்தே ஆக வேண்டும், எதிர்க்கட்சிக்காரர் உட்பட. துணைத்தலைவர்தான் நிதிக் கமிட்டிக்குத் தலைவர், பட்ஜெட்டையும் அவரே வாசிப்பார். கமிட்டித் தலைவர்கள் எல்லாரும் சேர்மனோடு சேர்ந்தால் ஸ்டியரிங் கமிட்டி. தெருவிளக்கு ஒன்று எரிய வேண்டுமானாலும் பொதுப்பணிக் கமிட்டியில் ஒரு முறை, மன்றத்தில் ஒரு முறை பேச்சு நடக்கும். யாருக்காவது பிடிக்காவிட்டால் வியோஜனக் குறிப்பு, அதாவது தனக்கு உடன்பாடில்லை என்ற குறிப்பு, எழுதிக் கொடுத்துவிடுவார், மினிட்ஸில் அது ஏறிவிடும். எங்கள் வார்டில் ஒரு சின்னப் பாலத்துக்கு இப்படியே ஒன்றரை வருடம் போனது. கூட்டம் மதியம் தாண்டி நீளும், நடுவில் சாயாவும் பழம்பொரியும் வரும். (பழம்பொரி நன்றாக இருந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.)

பாலத்துக்காக நான் எரிச்சல்பட்டது உண்மை. ஆனாலும் இந்த விஷயத்தில் என் ஓட்டு கேரள முறைக்குத்தான். கடைத்தெருச் சாக்கடை எங்கள் கடை வாசலை ஒட்டி ஏன் வளைந்தது, எந்தக் கணக்கில் அந்த மதிப்பீடு வந்தது என்று கேட்க அங்கே ஒரு ஆளும் இல்லை. பாலத்துக்கு ஏன் தாமதம் என்பதைப் பக்கம் பக்கமாக என்னால் படிக்க முடிந்தது. கேரளத்தில் மன்றக் கூட்ட முடிவுகளை ஏற்றுவதற்கு 'சகர்மா' என்ற மென்பொருள் இருந்தது. 2024 ஜனவரியில் நகரசபைகளுக்குக் கே-ஸ்மார்ட் என்ற பொது இணையத்தளம் வந்த பிறகு அந்த வேலை அதற்குள் போய்விட்டது.

சட்டம் இயற்றுவது என்று பெரிய வார்த்தை போட்டாலும், இரண்டு பக்கமும் நகர்மன்றத்தின் கையில் இருப்பது உபவிதிகள்தான், அதாவது அந்த ஊருக்குள் மட்டும் செல்லும் விதிகள். வரைவு போட்டு, ஊரறிய வெளியிட்டு, ஆட்சேபணை கேட்டு, மாநில அரசின் ஒப்புதல் வாங்கினால்தான் செல்லும். 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள் எல்லா நகராட்சியும் ஒரு வருடத்துக்குள் உபவிதி எழுத வேண்டும் என்றன. இந்த மாதிரி வேலைகளில் இரண்டு பக்கமும் வழக்கம் ஒன்றுதான்: மேலிருந்து மாதிரி வரும், ஊர்ப் பெயரை நிரப்பி நிறைவேற்றுவார்கள். இதில் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது.

வரி மட்டும் வேறு கதை. கேரளத்தில் சொத்துவரிக்குச் சதுர மீட்டருக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று அரசு வரம்பு கட்டும். அதற்குள் எந்த எண் என்பதை மன்றம் தீர்மானிக்கும். சின்ன இடைவெளிதான், ஆனால் அதற்குள் வாக்குவாதம் நடக்க இடமிருக்கிறது. 2023-லிருந்து வருடம் 5 சதவீதம் தானாக ஏறுவதை மன்றம் தொட முடியாது என்பதும் உண்மை. தமிழ்நாட்டில் 2022 மார்ச் 2-ஆம் தேதி கவுன்சிலர்கள் பதவியேற்றார்கள். ஏப்ரல் முதல் தேதிக்குள் சொத்துவரி உயர்வு அறிவிப்பு வந்துவிட்டது. 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதம், அப்படியே படிப்படியாக மேலே. நாற்காலி சூடாகும் முன்னால் வந்த அந்தப் பொருளை மன்றங்கள் தீர்மானமாக்கின, எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்தது. எண்ணை மாற்ற முடியாத விஷயத்துக்கு எதற்கு வாக்கெடுப்பு என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

தலைவரை இறக்கும் விதியில் இரண்டு பேருமே ஓரத்துக்குப் போய்விட்டார்கள். கேரளத்தில் மூன்றில் ஒரு பங்கு பேர் கையெழுத்திட்டால் நோட்டீஸ், மொத்த இடங்களில் பாதிக்கு மேல் வாக்கு கிடைத்தால் தலைவர் வீட்டுக்குப் போகலாம். பாலக்காடு நகரசபையில் 2018-ல் நடந்ததை இங்கே எல்லாரும் சொல்வார்கள். 52 இடம், 27 வாக்கு வேண்டும், தலைவருக்கு எதிரணியிலிருந்த இரண்டு முன்னணிகளும் சேர்ந்து கணக்கைச் சரியாகக் கூட்டி வைத்திருந்தன. வாக்கெடுப்புக்கு முன்னால் காங்கிரஸ் கவுன்சிலர் ஒருவர் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டார். கணக்கு மொத்த இடத்துக்கு என்பதால், ஒருவர் போனாலும் தேவையான 27 குறையவில்லை, அவிசுவாசம் தோற்றது. கட்சி விப்பை (இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்ற கட்டளையை) மீறினால் பதவி போகும் என்று 1999-ல் போட்ட கட்சித்தாவல் தடைச் சட்டம் உள்ளாட்சிக்கும் இருப்பதால், கட்சி சொன்னபடி வாக்களிக்க மனமில்லாதவருக்கு ராஜினாமா ஒன்றுதான் அங்கே வழி.

தமிழ்நாட்டில் ஐந்தில் நான்கு பங்கு வேண்டும். திருநெல்வேலி மாநகராட்சியில் 2024 ஜனவரியில் மேயர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்குக் கூட்டம் கூட்டினார்கள், கவுன்சிலர்கள் யாரும் வரவில்லை, தீர்மானம் விழுந்தது. ஜூலையில் மேயர் தாமே ராஜினாமா செய்தார். அந்த உயரத்தையும் தாண்டலாம் என்று 2025 ஜூலையில் சங்கரன்கோவில் காட்டியது, 30 பேர் மன்றத்தில் 28 பேர் தலைவருக்கு எதிராக வாக்களித்தார்கள். ஐந்தில் நான்கு அதிகம், பாதி குறைவு. மூன்றில் இரண்டு என்று வைத்தால் என்ன கெட்டுப்போகும்?

மக்கள் கூட்டத்தைப் பொறுத்தவரை கேரளம் வெகுதூரம் முன்னால் போய்விட்டது. ஒரு லட்சத்துக்குள் மக்கள்தொகை உள்ள நகரசபைகளில் வார்டு மக்கள் கூடிப் பேசும் வார்டு சபை வெகுகாலமாக நடக்கிறது, திட்டப் பயனாளிப் பட்டியல் அங்கே போகாமல் நகராது. தமிழ்நாட்டில் அதே மாதிரியான பகுதி சபா முதன்முதலாகக் கூடியது 2022 நவம்பர் 1-ஆம் தேதி.

இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் உறுத்துவது கூட்ட விதியே இல்லை. 2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை தமிழ்நாட்டு நகராட்சிகளில் மன்றமே கிடையாது. அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சி. பொருளை வைப்பவரும் அவர், பரிசீலிப்பவரும் அவர், 'தீர்மானிக்கப்பட்டது' என்று கையெழுத்திடுபவரும் அவர். ஆனால் தீர்மானப் புத்தகத்தில் நடை மாறவே இல்லை. அந்தக் காலத்து நகல் ஒன்று எங்கள் கடை விஷயமாக எனக்குத் தேவைப்பட்டது. பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கினேன். 'மன்றத்தின் பார்வைக்கு வைக்கப்பட்டது, மன்றம் ஒப்புதல் அளித்தது' என்று இருக்கிறது. கீழே ஒரே ஒரு கையெழுத்து.