யூனியன் சந்தா கட்டி என்ன கண்டோம்? பல வருடம் பறந்தவளின் கணக்கு

மாதம் 50 டாலர், வருடத்துக்கு 600. அமெரிக்காவில் யூனியன் இருக்கும் ஒரு விமான நிறுவனத்தில் நான் கேபின் க்ரூவாகச் சேர்ந்து பல வருடங்கள் ஆகிவிட்டதால், சம்பளச் சீட்டில் அந்தப் பிடித்தம் இப்போது என் கண்ணில்கூடப் படுவதில்லை. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அப்படியில்லை. ரிசர்வில், அதாவது அழைத்தால் உடனே பறக்கத் தயாராக, போன் எப்போது அடிக்குமோ என்று காத்துக்கிடந்து வாங்கும் முதல் வருடச் சம்பளம், அதில் வாடகைப் பங்கைக் கட்டிவிட்டு மிச்சத்தைப் பார்க்கிறவர்களுக்கு 50 டாலர் பெரிய தொகைதான். "அக்கா, நான் ஒரு தடவைகூட யூனியன் ஆபீஸ் பக்கம் போனதில்லை, எதுக்கு இந்தக் காசு?" என்று என்னோடு பறந்த ஒரு தமிழ்ப் பெண் கேட்டாள். பணியாளர் இருக்கையான ஜம்ப் சீட்டில் உட்கார்ந்து ரெண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

என் பதில், கட்டலாம். கட்டியதற்கு மேலேயே எனக்குத் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் எந்த வழியில் வந்தது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் யூனியன் என்றதும் எல்லோரும் சம்பள உயர்வைத்தான் நினைக்கிறார்கள். அது பல வருடத்துக்கு ஒரு முறை வருவது. நடுவில் இருக்கிற அத்தனை மாதங்களிலும் நம் பணம், ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தத்தை நிறுவனம் மீறாமல் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகிறது. சந்தாவின் மதிப்பு முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது என்பது என் அனுபவம்.

ஒரு உதாரணம். ஒரு பயணி என்னைப் பற்றிப் புகார் எழுதியிருந்தார், நான் மரியாதையில்லாமல் பேசினேன் என்று. மேலாளர் அழைத்தார். எங்கள் ஒப்பந்தப்படி, நடவடிக்கையில் முடியக்கூடிய எந்தக் கூட்டத்துக்கும் யூனியன் பிரதிநிதியைக் கூட அழைத்துப் போகலாம். அவரும் எங்களைப் போலப் பறக்கிற ஒரு சீனியர்தான். உள்ளே போகும் முன் அவர் சொன்னது: "கேட்டதற்கு மட்டும் பதில் சொல். நீயாக எதையும் விளக்காதே. எழுதிக் கொடுக்கச் சொன்னால் எனக்குக் காட்டாமல் கொடுக்காதே." உள்ளே போனதும் முதல் வேலையாகப் புகார்க் கடிதத்தை முழுசாகக் காட்டச் சொன்னார். மேலாளர் சுருக்கம்தான் வைத்திருந்தார். கடிதம் வந்ததும் பார்த்தால், சம்பவம் முன்பக்க முதல் வகுப்பில் நடந்ததாக எழுதியிருக்கிறது. அன்றைக்கு என் பொறுப்பு விமானத்தின் கடைசிப் பகுதி. விஷயம் அதோடு முடிந்தது, என் கோப்பில் எதுவும் ஏறவில்லை. நான் தனியாகப் போயிருந்தால் அந்தக் கடிதத்தைக் கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றியிருக்காது, பதற்றத்தில் மன்னிப்புக் கேட்டிருப்பேன், அந்த மன்னிப்பே ஒப்புதலாகப் பதிவாகியிருக்கும்.

இதைவிடப் பெரிய வழக்குகளையும் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். என் பேஸில், அதாவது நான் பணி தொடங்கும் விமான நிலையத்தில், ஒருவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். யூனியன் முறையீடு போட்டது, மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போனது, அங்கேயும் தீரவில்லை என்று நடுவர் விசாரணைக்குப் போனது. ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது. கடைசியில் வேலையும் வந்தது, விட்டுப்போன சம்பளத்தில் பெரும்பகுதியும் வந்தது. வக்கீல், சாட்சிகள் வந்துபோகும் செலவு, நடுவருக்கான கட்டணத்தில் பாதி எல்லாம் யூனியன் கணக்கு. சொந்தக் காசில் இதை நடத்தக்கூடிய கேபின் க்ரூ யாரையும் எனக்குத் தெரியாது.

அடுத்தது, யாரும் பெரிதாகப் பேசாத சம்பளத் திருத்தங்கள். புயல் வருகிறது, பணி அட்டவணை போடும் ஷெட்யூலிங் துறை உங்கள் ட்ரிப்பை மாற்றுகிறது, வேறு ஊரில் தங்க வைக்கிறது, விடுமுறை நாளில் நீட்டிக்கிறது. இப்படிப்பட்ட ஒவ்வொன்றுக்கும் ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருக்கும், சிலவற்றுக்குக் கூடுதல் சம்பளமும் உண்டு. ஆனால் அது தானாக வந்து விழாது. நாம் பார்த்து, பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு, கோரிக்கை போட வேண்டும். மறுத்தால் யூனியனின் ஷெட்யூலிங் கமிட்டிக்கு அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பி ஒரே மாதத்தில் வருடச் சந்தாவைவிட அதிகம் திரும்பப் பெற்றிருக்கிறேன். இந்த இடத்தில் என் குறையையும் சொல்லிவிடுகிறேன்: புதியவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதில் யூனியன் மந்தம். ஒப்பந்தம் நூற்றுக்கணக்கான பக்கம். அதை வக்கீல் மொழியில் கையில் கொடுத்துவிட்டுப் படித்துக்கொள் என்றால் யார் படிப்பார்கள்? கேட்கத் தெரிந்தவருக்கு நிறையக் கிடைக்கிறது, தெரியாதவருக்குப் பிடித்தம் மட்டும்தான் தெரிகிறது. சந்தா வீண் என்று சொல்கிற பலர் இந்த இரண்டாம் வகையில் மாட்டிக்கொண்டவர்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் மனம் சம்பந்தப்பட்ட உதவி. நடுவானில் ஒரு பயணிக்கு மூச்சு நின்று, நாங்கள் மாற்றி மாற்றி நெஞ்சை அழுத்தியும் காப்பாற்ற முடியாமல் போன ஒரு பயணம் எனக்கு உண்டு. இறங்கிய பிறகு என்னை முதலில் அழைத்தது யூனியனின் உதவிக் குழுவில் இருக்கும் ஒரு தோழி. பயிற்சி பெற்ற சக பணியாளர்கள்தான் இந்தக் குழுவை நடத்துகிறார்கள். பேசுவது நிறுவனத்துக்குப் போகாது என்பதால் மனம் விட்டுப் பேச முடிந்தது, அடுத்த ட்ரிப்பிலிருந்து என்னை விடுவிக்கவும் அவர்தான் ஏற்பாடு செய்தார். குடிப்பழக்கத்திலிருந்து மீள நினைக்கிறவர்களுக்கு ஃபேடாப் என்று ஒரு திட்டம் இருக்கிறது. அதில் போய் மீண்டு வந்து இன்றும் பறப்பவர்கள் இருக்கிறார்கள். இதற்கெல்லாம் டாலரில் மதிப்புப் போட எனக்குத் தெரியாது.

பாதுகாப்பு விஷயத்தில் ஏசாப் முறை முக்கியமானது. பறக்கும்போது ஒரு விதி தவறிவிட்டது, உதாரணமாகக் கதவை ஆர்ம் செய்யும் (அவசரச் சறுக்கைத் தயார் நிலையில் வைக்கும்) வரிசையில் ஏதோ விடுபட்டது என்று வைத்துக்கொள்வோம், நாமே முன்வந்து அறிக்கை கொடுக்கலாம். நிறுவனம், யூனியன், விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ என்று மூன்று தரப்பும் உட்கார்ந்து அதைப் பார்க்கும். வேண்டுமென்றே செய்ததாகவோ குற்றமாகவோ இல்லாதவரை தண்டனைக்குப் பதில் திருத்தம்தான் நோக்கம். அந்த மேசையில் நம் பக்கம் ஒருவர் உட்கார்ந்திருப்பதற்கான செலவும் சந்தாவில்தான் இருக்கிறது.

சட்டம் மாறுவதற்கும் அதே பணம் உதவியிருக்கிறது. முன்பு எங்களுக்கு விதிப்படி ஓய்வு 9 மணி நேரம், அதை 8 ஆகக் குறைக்கவும் முடியும். அதில் விமான நிலையத்திலிருந்து ஹோட்டல் போக, குளிக்க, சாப்பிட, திரும்பி வர எல்லாம் அடக்கம் என்றால் தூக்கம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். யூனியன்கள் பல வருடம் தள்ளித் தள்ளி, 2018-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 10 மணி நேர ஓய்வைச் சட்டத்தில் எழுதியது. எஃப்ஏஏ அதை விதியாக்க 2022 அக்டோபர் வரை எடுத்துக்கொண்டது. மருத்துவ, குடும்ப விடுப்பும் அப்படித்தான். சாதாரண ஊழியர் வருடத்தில் 1,250 மணி நேரம் வேலை செய்திருந்தால் அந்த விடுப்புக்குத் தகுதி, ஆனால் எங்களுக்குப் பறக்கும் நேரத்தை மட்டும் எண்ணினால் முழு நேரம் உழைப்பவருக்கே அந்தக் கணக்கு எட்டாது. 2009 டிசம்பரில் வந்த திருத்தம் அதை 504 மணி நேரமாக்கியது. பிள்ளை பெற்ற என் தோழிகள் எத்தனையோ பேர் இதனால் வேலையை விடாமல் இருந்தார்கள். 2020-இல் விமானங்கள் காலியாக நின்றபோது, அரசு கொடுத்த உதவி நேராக ஊழியர் சம்பளத்துக்குப் போக வேண்டும், செப்டம்பர் 30 வரை ஆட்குறைப்பு கூடாது என்ற நிபந்தனை வந்ததிலும் எங்கள் யூனியன்களின் பங்கு பெரியது.

இந்த உரிமைகள் யூனியன் இல்லாத இடத்திலும் எல்லோருக்கும் கிடைக்கின்றன, அதனால் நான் ஏன் கட்ட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. யாராவது கட்டியதால்தான் கிடைத்தது என்பதைத் தவிர எனக்கு வேறு பதில் இல்லை. 1960கள் வரை இந்த நாட்டில் கல்யாணமானால் விமானப் பணிப்பெண் வேலை போய்விடும், சில நிறுவனங்களில் 32 வயதானாலும் போய்விடும். 1945-இல் யுனைடெட் ஏர்லைன்ஸில் ஏடா பிரவுன் என்பவர் முன்நின்று தொடங்கிய முதல் சங்கத்திலிருந்து அடுத்தடுத்து வந்த பெண்கள் முறையீடும் வழக்குமாகப் போராடி அதையெல்லாம் உடைத்தார்கள். நான் பிள்ளைகளோடு, நடுத்தர வயதில், இந்த வேலையில் இருக்கிறேன்.

சரி, அதிருப்திக்கு வருவோம். பேச்சுவார்த்தை. அது நகரும் வேகம் எனக்கு இன்னும் கோபத்தைத் தருகிறது. விமானத் துறை 1936-இலிருந்து ரயில்வே லேபர் ஆக்ட் என்ற சட்டத்தின் கீழ் வருகிறது. அதன்படி எங்கள் ஒப்பந்தம் காலாவதியே ஆகாது, திருத்தத்துக்குரிய தேதி மட்டும் வரும். அதன் பிறகும் பழைய சம்பளத்திலேயே ஓடும். அரசின் மத்தியஸ்த வாரியம் இரு தரப்பையும் பேச்சுவார்த்தையிலிருந்து விடுவித்து, அதன்பின் 30 நாள் பொறுத்தால்தான் வேலைநிறுத்தமே செய்ய முடியும். நிறுவனத்துக்கு அவசரம் எதற்கு? அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கேபின் க்ரூவின் ஒப்பந்தம் 2019 இறுதியில் திருத்தத்துக்கு வந்தது, புதியது நிறைவேறியது 2024 செப்டம்பரில். யுனைடெட்டில் 2021-இல் திருத்தத்துக்கு வந்ததற்கு, 2025 மே மாதம் வந்த தற்காலிக உடன்பாட்டை ஜூலையில் உறுப்பினர்களே 71 சதவீதம் எதிர்த்து வாக்களித்து நிராகரித்தார்கள். இந்த இடைப்பட்ட வருடங்களில் விலைவாசி யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

போர்டிங் சம்பளமும் இதில் சேரும். கதவு மூடும் வரை எங்களுக்குப் பெரும்பாலும் மணிக்கணக்குச் சம்பளம் ஓடாது என்பது வெளியே பலருக்குத் தெரியாது. பெட்டி தூக்கி, சண்டை தீர்த்து, கிழவர்களை உட்கார வைக்கும் அந்த நேரம் இலவச உழைப்பு. இதை மாற்றி 2022-இல் முதலில் பாதிச் சம்பளம் கொடுத்த பெரிய நிறுவனம் டெல்டா, அங்கே கேபின் க்ரூவுக்கு யூனியன் கிடையாது. யூனியன் வேண்டாம் என்பவர்கள் இதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அது வந்தபோது அங்கே யூனியன் அமைக்கும் முயற்சி நடந்துகொண்டிருந்தது. தவிர, நிர்வாகம் தானாகக் கொடுத்ததை நிர்வாகம் தானாக எடுக்கலாம். அமெரிக்கனில் 2024-இல் அதே போர்டிங் சம்பளம் ஒப்பந்தத்தில் ஏறியது, இனி வாக்கெடுப்பு இல்லாமல் அதில் யாரும் கை வைக்க முடியாது.

பணம் எங்கே போகிறது என்று சந்தேகப்படுபவர்கள் எல்எம்-2 அறிக்கையைப் பாருங்கள். யூனியன்கள் வருடாவருடம் தொழிலாளர் துறைக்குக் கொடுக்க வேண்டியது அது. தலைவர்கள் சம்பளம் வரை இணையத்தில் யாரும் பார்க்கலாம். அரசியல் செலவில் பங்கில்லை என்று எழுதிக் கொடுத்து, குறைந்த கட்டணம் கட்டவும் சட்டம் இடம் தருகிறது, ஆனால் அப்படிச் செய்தால் ஒப்பந்த வாக்கெடுப்பில் கலந்துகொள்ளும் உரிமை பொதுவாகப் போய்விடும், அதனால் நான் செய்யவில்லை. பல மாநிலங்களில் யூனியன் சந்தா கட்டாயமில்லை என்ற சட்டம் இருந்தாலும் விமானத் துறைக்கு அது பொருந்தாது. 2018 முதல் மத்திய வருமான வரியில் சந்தாவைக் கழிக்கவும் முடியாது. இது எனக்குப் பெரிய வருத்தம்.

புதிதாகச் சேர்ந்தவர்கள் இன்றைக்கே உங்கள் பேஸ் பிரதிநிதியின் எண்ணைப் போனில் சேமியுங்கள். ஒப்பந்தத்தை முழுதும் படிக்க வேண்டாம், ரிசர்வ், ட்ரிப் மாற்றம், ஓய்வு, நோய் விடுப்பு ஆகிய நாலு பகுதிகளை மட்டும் படியுங்கள். இன்னொன்று: ப்ரொபேஷன் என்ற ஆரம்பத் தகுதிகாண் காலத்தில் நீக்கினால் பெரும்பாலான ஒப்பந்தங்களில் முறையீடு செய்ய வழியில்லை. அந்த மாதங்களில் மேலாளர் அழைத்தால் தனியாகப் போகாதீர்கள், போவதற்கு முன்பே பிரதிநிதிக்குப் போன் போடுங்கள்.